ஹேஷ் செய்த அடையாள எண்ணை எந்த வகை நெடுவரிசையில் வைப்பது?

நாகர்கோவில் நிரலர்:

அனைவருக்கும் வணக்கம். குலசேகரம், அருமனை வட்டாரத்தில் ரப்பர் பாலும் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கும் சில கொள்முதல் நிலையங்களுக்கான கணக்கு மென்பொருளை எங்கள் சிறிய குழு எழுதிப் பராமரித்து வருகிறது. ஒவ்வொரு எடைப் பதிவிலும் விவசாயியின் கைபேசி எண்ணும் சரக்கு வந்த வண்டியின் எண்ணும் இருக்கின்றன. இந்தத் தரவின் நகலைத் தணிக்கையாளருக்கும், விலைப் போக்கை ஆராயும் வேறொரு குழுவுக்கும் அவ்வப்போது கொடுக்க வேண்டியிருப்பதால், எண்களை வெளிப்படையாக வைக்காமல் எஸ்எச்ஏ-256 ஹேஷாக (எந்த மதிப்பையும் நிலையான நீளமுள்ள, நேராகத் திருப்ப முடியாத குறியாக மாற்றும் முறை) மாற்றி வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

நிலையங்களில் மைஎஸ்கியூஎல் 8 தரவுத்தளம் ஓடுகிறது. அவற்றிலிருந்து தரவைத் திரட்டும் மையச் சேவையகத்தில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இருக்கிறது. எங்களுக்கு முன் இந்த வேலையைப் பார்த்தவர்கள் ஹேஷுக்கான நெடுவரிசையை வார்கேர்(255), அதாவது 255 எழுத்து வரை நீளம் மாறக்கூடிய எழுத்துத் தொடர், என்று அமைத்திருக்கிறார்கள். விவசாயிகள் சில ஆயிரம் பேர்தான். ஆனால் எடைப் பதிவுகள் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போவதால் அந்த அட்டவணை ஒரு கோடிப் பதிவுகளைத் தொடும் என்று எதிர்பார்க்கிறோம்.

நான் கேட்க விரும்புவது இரண்டு. ஹேஷை எழுத்துத் தொடராக வைப்பதா, பைட்டுகளாகவே வைப்பதா? அந்த ஹேஷையே பிரைமரி கீயாக (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் நெடுவரிசையாக) வைத்து எல்லா அட்டவணைகளையும் அதன் வழியே இணைக்கலாமா?

தக்கலைவாசி:

பைட்டுகளாகவே வையுங்கள்: மைஎஸ்கியூஎல்லில் பைனரி(32), போஸ்ட்கிரெஸில் பைட்-ஏ என்பதே முதல் கேள்விக்கு என் விடை. காரணத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

எஸ்எச்ஏ-256 தருவது 256 பிட்டுகள், அதாவது 32 பைட்டுகள். திரையில் நாம் பார்க்கும் 64 எழுத்துத் தொடர், அந்த 32 பைட்டுகளை மனிதர் படிப்பதற்காக எழுதிக்காட்டும் முறை மட்டுமே. ஒவ்வொரு பைட்டும் இரண்டு ஹெக்ஸ் (பதினாறடிமான) எழுத்துகளாக விரிவதால் அளவு இரட்டிக்கிறது. பேஸ்64 என்ற இன்னொரு எழுத்து முறையில் எழுதினால் 44 எழுத்துகள் வரும். இறுதியில் நிற்கும் சமக்குறியை நீக்கினால் 43. எம்டி5 என்றால் 16 பைட், எஸ்எச்ஏ-1 என்றால் 20, எஸ்எச்ஏ-512 என்றால் 64. எந்த முறையைத் தேர்ந்தாலும், உள்ளே எதைக் கொடுத்தாலும் அந்த முறைக்குரிய நீளம் மாறாது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய பண்பு. வார்கேர்(255) தன்னளவில் இடத்தை வீணாக்குவதில்லை. உள்ளே இருக்கும் எழுத்துகளுக்குத்தான் அது இடம் எடுத்துக்கொள்ளும். ஆனால் எங்கோ ஓர் இடத்தில் ஒரு ஹேஷ் 63 எழுத்துகளாக வெட்டுப்பட்டு உள்ளே வந்தாலும் அது வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்ளும்.

போஸ்ட்கிரெஸில் கணக்கு இப்படி வரும். பைட்-ஏ நெடுவரிசையில் 32 பைட் ஹேஷ் ஒரு பைட் தலைப்புடன் 33 பைட்டுகளாகவும், டெக்ஸ்ட் நெடுவரிசையில் 65 பைட்டுகளாகவும் அமரும். தேடலை விரைவாக்கும் பி-ட்ரீ இன்டெக்ஸில் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் 8 பைட் தலைப்பு சேர்ந்து, மொத்தம் 8-இன் மடங்குக்கு உயர்த்தப்பட்டு, அதன்மேல் 4 பைட் சுட்டி சேரும் என்பதால், பைட்-ஏவுக்கு 52 பைட், டெக்ஸ்டுக்கு 84 பைட் ஆகிறது. பைட்-ஏ வகைக்கு நீள வரம்பு கொடுக்க முடியாதாகையால், பைட் நீளம் 32 ஆகத்தான் இருக்க வேண்டும் என்ற செக் நிபந்தனையை உடன் எழுதிவிடுங்கள்.

மைஎஸ்கியூஎல்லின் பைனரி(32) பற்றி ஓர் எச்சரிக்கை. குறைந்த நீளமுள்ள மதிப்பை அதில் இட்டால், அது பிழை சொல்லாமல் வலப்பக்கத்தைப் பூஜ்ஜிய பைட்டுகளால் நிரப்பிக்கொள்ளும். வெட்டுப்பட்ட ஹேஷைப் பிடிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் வார்பைனரி(32) வைத்து, நீளம் 32 என்ற செக் நிபந்தனையைச் சேர்ப்பது நல்லது, 8.0.16 பதிப்பு முதல்தான் மைஎஸ்கியூஎல் செக் நிபந்தனைகளை உண்மையிலேயே அமல்படுத்துகிறது என்பதால் உங்கள் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கான விலை பதிவுக்கு ஒரு பைட் மட்டுமே.

மார்த்தாண்டம் மேசை:

தக்கலைவாசி சொல்லும் கணக்கில் பிழையில்லை. ஆனால் இத்தகைய அமைப்பைப் பல ஆண்டுகள் பராமரிக்கப் போகிறவர் என்ற நிலையிலிருந்து பார்த்தால் நான் கேரக்டர்(64) என்ற எழுத்துத் தொடர் வகையின் பக்கமே நிற்பேன். ஒரு கோடிப் பதிவுகளில் ஒவ்வொன்றுக்கும் 32 பைட் கூடுதலாகச் சென்றால் 320 மெகாபைட். இன்றைய வட்டின் விலையில் அது ஒரு பொருட்டே அல்ல. அதற்கு ஈடாக எவற்றை இழக்கிறோம் என்று பாருங்கள்: நிலையத்தில் இருப்பவர் தொலைபேசியில் அழைத்து ஒரு பதிவைப் பற்றிக் கேட்டால், கட்டளைத்திரையில் ஹேஷைத் தேடி ஒட்ட முடியாது, சிஎஸ்வி கோப்பாக எடுத்தால் குப்பை எழுத்துகள் வரும், ஜேசனில் பைட்டுகளுக்கு இடமே இல்லை, எப்படியும் எழுத்தாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும், நோடு.ஜேஎஸ்ஸில் அந்த மதிப்பு பஃபர் பொருளாக வந்து, இரண்டு ஹேஷ்களைச் சமக்குறியால் ஒப்பிட்டால் உள்ளடக்கம் ஒன்றாக இருந்தாலும் சமமில்லை என்றே விடை வரும். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இதில் ஒருமுறை முட்டிக்கொள்வார்கள்.

எழுத்தாக வைப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த நெடுவரிசைக்கு மட்டும் ஆஸ்கி எழுத்துத் தொகுதியையும் ஆஸ்கி-பின் காலேஷனையும் (எழுத்துகளை ஒப்பிடும் விதியையும்) தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

தக்கலைவாசி:

வட்டின் விலை பற்றி எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. நான் கவலைப்படுவது நினைவகத்தைப் பற்றி. அந்த 32 பைட் அட்டவணையில் ஒருமுறையும், அதைத் தொடும் ஒவ்வொரு இன்டெக்ஸிலும் இன்னொரு முறையும் அமர்கிறது. கொள்முதல் நிலையங்களில் இருக்கும் சாதாரணக் கணினிகளில் இன்டெக்ஸ் முழுவதும் நினைவகத்துக்குள் அடங்குகிறதா இல்லையா என்பதே வேகத்தைத் தீர்மானிக்கிறது.

ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வேறு. ‘செய்ய வேண்டியது ஒன்றுதான்’ என்று நீங்கள் சொல்வதை யாராவது ஒருவர் ஓர் அட்டவணையில் மறந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். மைஎஸ்கியூஎல் 8-இன் இயல்பான காலேஷன் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும். போஸ்ட்கிரெஸ் வெவ்வேறாகப் பார்க்கும். மைஎஸ்கியூஎல்லின் எஸ்எச்ஏ2 செயற்கூறு சிறிய எழுத்துகளில் ஹெக்ஸைத் தருகிறது. அதே மைஎஸ்கியூஎல்லின் ஹெக்ஸ் செயற்கூறு பெரிய எழுத்துகளில் தருகிறது. போஸ்ட்கிரெஸின் என்கோடு சிறிய எழுத்துகளில் தருகிறது. கேள்வி கேட்டவரின் அமைப்பில் இரண்டு தரவுத்தளங்களும் உள்ளன. நிலையத்தில் சரியாக இணைந்த இரண்டு பதிவுகள் மையத்துக்கு வந்ததும் இணையாமல் போகும், எங்கும் ஒரு பிழைச் செய்தி கூட வராது. பேஸ்64 என்றால் எழுத்தின் வடிவமே மதிப்பின் பகுதி என்பதால், வடிவ வேறுபாட்டைக் கவனிக்காத காலேஷனில், குறிப்பாக ஹேஷைச் சுருக்கி வைப்பவர்களுக்கு, வெவ்வேறு மதிப்புகள் ஒன்றாகத் தோன்றும் ஆபத்தும் சேர்கிறது. பைட்டுகளுக்குப் பெரிய எழுத்தும் இல்லை, காலேஷனும் இல்லை.

படிக்க முடியவில்லை என்ற குறைக்கு வழி இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் ஹெக்ஸ் வடிவத்தைத் தரும் மெய்நிகர் நெடுவரிசை ஒன்றை உருவாக்கினால் அது பதிவில் இடம் எடுத்துக்கொள்வதில்லை. மேலும் 8.0.19 முதல் அதன் கட்டளைவரிக் கருவியை நேரடியாக இயக்கும்போது பைனரி மதிப்புகளை அதுவே ஹெக்ஸாகக் காட்டுகிறது. போஸ்ட்கிரெஸ் 9.0 முதலே பைட்-ஏவை ஹெக்ஸாகத்தான் காட்டி வருகிறது.

மார்த்தாண்டம் மேசை:

இரண்டு தரவுத்தளங்கள் என்பதை நான் போதிய அளவு கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் எழுதினேன் என்று நினைக்க வேண்டாம். என் பரிந்துரையில் காலேஷனைச் சொன்னதே அதற்காகத்தான். இருந்தாலும் மெய்நிகர் நெடுவரிசை நல்ல யோசனை. நோடு.ஜேஎஸ் பிரச்சினை மட்டும் அப்படியே நிற்கிறது, அதை நிரலின் எல்லையில் ஒரே இடத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

குளச்சல் கரை:

நெடுவரிசையின் வகையைப் பற்றி நல்ல விவாதம் நடக்கிறது. ஆனால் தம்பி, அதற்குள் எதை வைக்கப் போகிறீர்கள் என்பதை யாரும் கேட்கவில்லையே. வெறும் எஸ்எச்ஏ-256 என்றால், பைனரியோ கேரக்டரோ, உங்கள் நோக்கம் நிறைவேறாது.

வண்டி எண்ணையே எடுத்துக்கொள்வோம். நம் மாவட்டத்தில் நாகர்கோவிலுக்கு டிஎன் 74, மார்த்தாண்டத்துக்கு டிஎன் 75. அதன்பின் அதிகபட்சம் இரண்டு ஆங்கில எழுத்துகள், நான்கு இலக்கங்கள். ஓர் அலுவலகத்துக்கு ஏறத்தாழ 70 லட்சம் சாத்தியங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரைக் கோடிக்கும் குறைவு. எல்லைக்கு அப்பாலுள்ள கேரள அலுவலகங்கள் சிலவற்றின் வண்டிகளைச் சேர்த்தாலும் சில கோடிகளைத் தாண்டாது. உங்களிடமிருந்து நகலைப் பெற்றவர் இந்த எண்கள் அனைத்தையும் வரிசையாக ஹேஷ் செய்து பார்ப்பதற்கு ஒரு மடிக்கணினியும் தேநீர் இடைவேளையும் போதும். எந்த ஹேஷ் எந்த வண்டி என்பது முழுவதுமாக வெளியாகிவிடும்.

கைபேசி எண்ணும் அப்படியே. 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கங்கள் என்பதால் மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். ஒரு நல்ல கிராபிக்ஸ் அட்டை நொடிக்கு நூற்றுக்கணக்கான கோடி எஸ்எச்ஏ-256 கணக்குகளைப் போடுகிறது. எல்லா ஹேஷ்களையும் முன்கூட்டியே எழுதி வைத்தாலும் 128 ஜிகாபைட்தான். ஒரு பென்டிரைவில் அடங்கும். ஆதார் எண்ணைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதையே சொல்வேன்: முதல் இலக்கம் 0 அல்லது 1 ஆக வராது, பன்னிரண்டாவது இலக்கம் வெர்ஹோஃப் முறையில் கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம், ஆகவே மீதமிருப்பது 8,000 கோடி சாத்தியங்கள் மட்டுமே. எஸ்எச்ஏ-256 வலுவிழந்ததால் இது நேர்வதில்லை. உள்ளே இடும் எண்ணின் பரப்பு சிறியது என்பதால் நேர்கிறது. எஸ்எச்ஏ-512-க்கு மாறினாலும் நெடுவரிசை இரட்டிப்பாகுமே தவிர இந்த ஓட்டை அடைபடாது.

தேவைப்படுவது எச்மேக்-எஸ்எச்ஏ-256. ஹேஷுடன் ஒரு ரகசியச் சாவியைச் சேர்த்துக் கணக்கிடும் இந்த முறை 1997-இல் ஆர்எஃப்சி 2104-ஆக வெளியாகி இன்றுவரை உறுதியாக நிற்கிறது. வெளியீடு அதே 32 பைட் என்பதால் மேலே நண்பர்கள் சொன்ன வகைகள் அப்படியே பொருந்தும். சாவி தெரியாதவர் எத்தனை கோடி எண்களைச் சோதித்தாலும் பயனில்லை. அந்தச் சாவி தரவுத்தளத்துக்குள் இருக்கக் கூடாது. காப்புப்பிரதியோடு சேர்ந்து அதுவும் வெளியே போய்விடும். கணக்கீட்டையும் எஸ்கியூஎல் வினவலுக்குள் செய்யாமல் நிரலில் செய்யுங்கள், இல்லையென்றால் வெளிப்படையான கைபேசி எண் வினவல் பதிவேட்டில் தங்கிவிடும். ஹேஷ் செய்ததன் பொருளே அங்கு கெட்டுவிடும்.

இன்னொன்று. தணிக்கையாளருக்கும் விலை ஆய்வுக் குழுவுக்கும் ஒரே ஹேஷைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. பெறுபவர் ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி வைத்து நகல் எடுக்கும்போது கணக்கிட்டுக் கொடுத்தால், இரண்டு நகல்களும் ஒரே கையில் சேர்ந்தாலும் ஹேஷை வைத்து அவற்றை இணைக்க முடியாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை அடையாளம் காணக்கூடிய எந்தத் தரவையும் தனிநபர் தரவு என்றே வரையறுக்கிறது. எனவே ‘ஹேஷ் செய்துவிட்டோம், இனி இது யாருடைய தரவும் அல்ல’ என்று உங்கள் ஒப்பந்தத்தில் எழுதிவிடாதீர்கள்.

வடசேரி வாசகன்:

கடவுச்சொல்லுக்குப் பரிந்துரைக்கும் பிகிரிப்ட்டை இங்கே பயன்படுத்தலாமே? அது மெதுவானது என்பதால் எல்லா எண்களையும் சோதிப்பது கடினமாகும் அல்லவா?

குளச்சல் கரை:

பிகிரிப்ட் ஒவ்வொரு முறையும் புதிய சால்ட்டை (தற்செயலான ஒரு மதிப்பை) சேர்த்து 60 எழுத்துத் தொடரைத் தருகிறது. ஒரே கைபேசி எண்ணை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு வெவ்வேறு விடைகள் வரும். கடவுச்சொல் சரிபார்க்கும்போது யாருடைய பதிவு என்பது முன்பே தெரியும் என்பதால் அங்கே அது சிக்கலில்லை. இங்கோ எண்ணைக் கொடுத்துப் பதிவைத் தேட வேண்டும், இன்டெக்ஸே பயன்படாது.

நாகர்கோவில் நிரலர்:

மிக்க நன்றி, ஐயா. எச்மேக் பற்றி நீங்கள் சொன்னதைக் குழுவில் பேசி ஏற்றுக்கொண்டோம். அடுத்து ஒரு சிக்கல். பழைய விவசாயிகள் பலரிடம் சொந்தக் கைபேசி இல்லை. மகனின் எண்ணையோ பக்கத்து வீட்டு எண்ணையோ கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர், வீட்டுப்பெயர், ஊர் ஆகிய மூன்றையும் சேர்த்து ஹேஷ் செய்யலாம் என்று நினைக்கிறோம். தமிழிலேயே தட்டச்சு செய்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

தோவாளைக்காரன்:

நிறைய உண்டு. ஹேஷுக்குத் தமிழ் தெரியாது, பைட்டுகள் மட்டுமே தெரியும் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

உங்கள் பெயரிலேயே இருக்கும் நாகர்கோவில் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள ஓகார உயிர்மெய்யின் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறியும் ஆகாரக் குறியுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால், முதல் வகையில் அந்தச் சொல் 33 பைட்டுகளாகவும் இரண்டாம் வகையில் 36 பைட்டுகளாகவும் அமைகிறது. ஹேஷ்கள் இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. கோட்டார், தோவாளை, கொல்லங்கோடு, தேங்காய்ப்பட்டணத்துக்கு அருகிலுள்ள இரயுமன்துறை என்று ஊர்ப்பட்டியலை ஓட்டிப் பாருங்கள். கடைசி ஊரைத் தவிர மற்ற மூன்றும் இந்த வலையில் சிக்கும். எந்த விசைப்பலகை எந்த வடிவத்தை அனுப்புகிறது என்பது உங்கள் கையில் இல்லாததால், ஹேஷ் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற யூனிகோடின் ஒழுங்குபடுத்திய வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றும் அதில் ஒற்றைக் குறியீடாகச் சேர்ந்துவிடும்.

ஆனால் என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஔ என்ற உயிரெழுத்தை ஒரே குறியீடாக எழுதாமல் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுபவர்கள் உண்டு; கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரிந்தாலும் யூனிகோடு அவற்றைச் சமமாகக் கொள்வதில்லை. ஸ்ரீ என்பதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள், 2005-இல் யூனிகோடு 4.1-இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள். ஸ்ரீகுமார், ஸ்ரீதேவி போன்ற பெயர்கள் நம் பக்கத்தில் குறைவில்லை. இவற்றோடு, எங்கிருந்தோ ஒட்டிய எழுத்துகளோடு வந்துசேரும் அகலமற்ற இடைவெளிக் குறிகளும் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் நீங்களே விதி எழுத வேண்டும், அந்த விதிகளை நிலையங்களிலும் மையத்திலும் ஒரே நூலகமாகப் பகிர வேண்டும். மூன்று புலங்களை ஒட்டும்போது இடையில் ஒரு பிரிப்புக் குறி வையுங்கள், இல்லையேல் ஒரு புலத்தின் கடைசி எழுத்து அடுத்த புலத்துக்குத் தாவினாலும் ஒட்டிய தொடர் ஒன்றாகவே இருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் தங்கராஜ் ஒரு சீட்டில் தங்கராசு ஆவதையும், வீட்டுப்பெயரின் கடைசியில் உள்ள ‘விளை’ ஒருவர் எழுதும்போது விடுபடுவதையும் எந்த விதியாலும் பிடிக்க முடியாது. ஹேஷ் என்பது ஒன்றா, இல்லையா என்று மட்டும் சொல்லும். ‘ஏறத்தாழ ஒன்று’ என்பது அதற்குத் தெரியாது. ஆகவே பெயரை ஹேஷ் செய்யும் யோசனையைக் கைவிட்டு, கைபேசி இல்லாதவருக்கு நிலையத்திலேயே ஓர் உறுப்பினர் எண் கொடுத்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. பாஸ்புக்கின் முகப்பில் அச்சிட்டுக் கொடுத்தால் போதும்.

கைபேசி எண்ணுக்கும் வண்டி எண்ணுக்கும் கூட இதே ஒழுங்கு வேண்டும். முன்னால் பூஜ்ஜியம், +91, நடுவில் இடைவெளி ஆகியவற்றை நீக்கி ஒரே வடிவம். வண்டி எண்ணில் இடைவெளியும் சிறுகோடும் நீக்கி, பெரிய எழுத்தாக்கி, இறுதி எண்ணை நான்கு இலக்கமாக நிரப்பி ஒரே வடிவம். எந்த நிலையத்திலாவது மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் பழையபடி ஓடிக்கொண்டிருந்தால் அதன் ஹேஷ்பைட்ஸ் செயற்கூறைப் பற்றியும் கவனமாக இருங்கள்: ஒரே எண்ணை வார்கேர் ஆகக் கொடுத்தால் ஒரு ஹேஷும், என்வார்கேர் ஆகக் கொடுத்தால் வேறொரு ஹேஷும் வரும், ஏனெனில் உள்ளே செல்லும் பைட்டுகள் வேறு.

தக்கலைவாசி:

இரண்டாவது கேள்விக்கு யாரும் இன்னும் விடை சொல்லவில்லை. ஹேஷைப் பிரைமரி கீயாக வைக்காதீர்கள்.

மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி, அட்டவணை முழுவதையும் பிரைமரி கீயின் வரிசையிலேயே அடுக்கி வைக்கிறது. ஏறுமுகமாகச் செல்லும் முழு எண் என்றால் புதிய பதிவுகள் எப்போதும் கடைசிப் பக்கத்தில் சேரும். ஹேஷோ எங்கு விழும் என்று சொல்ல முடியாத மதிப்பு. ஒவ்வொரு புதிய பதிவும் எங்கோ நடுவிலுள்ள 16 கிலோபைட் பக்கம் ஒன்றை நினைவகத்துக்குக் கொண்டுவரச் செய்து, அது நிரம்பியிருந்தால் இரண்டாகப் பிளக்கவும் செய்கிறது. பிளந்த பக்கங்கள் பாதி காலியாக நிற்பதால் அட்டவணை தேவைக்கு மேல் பருக்கிறது. அத்துடன், இன்னோடிபியின் மற்ற இன்டெக்ஸ்கள் ஒவ்வொன்றும் பிரைமரி கீயின் நகலைத் தம்முள் வைத்துக்கொள்கின்றன. எடைப் பதிவு அட்டவணையின் பிரைமரி கீயிலும் ஹேஷ் இடம்பெற்று, அங்கே தேதிக்கு ஓர் இன்டெக்ஸ், நிலையத்துக்கு ஓர் இன்டெக்ஸ், சரக்கு வகைக்கு ஓர் இன்டெக்ஸ் என்று இருந்தால், அந்த மூன்றிலும் அது மீண்டும் எழுதப்படும். போஸ்ட்கிரெஸ் பதிவுகளை இப்படி அடுக்குவதில்லை என்பதால் அங்கே பாதிப்பு குறைவு. இருந்தாலும் இன்டெக்ஸின் பக்கங்கள் எங்கெங்கோ திருத்தப்படுவதால் எழுத்துச் சுமை கூடத்தான் செய்யும்.

ஆகவே விவசாயிகள் அட்டவணையில் 4 பைட் முழு எண் பிரைமரி கீயாக இருக்கட்டும். ஹேஷ் அந்த அட்டவணையில் மட்டும், ஒரே மதிப்பு இருமுறை வராதபடி தடுக்கும் யுனிக் நிபந்தனையுடன், ஒரே ஒரு நெடுவரிசையில் இருக்கட்டும். ஒரு கோடி எடைப் பதிவுகளில் அந்த முழு எண்ணை மட்டும் எழுதுங்கள். பைனரியா கேரக்டரா என்று நானும் மார்த்தாண்டம் நண்பரும் மேலே மோதிக்கொண்ட அந்த 320 மெகாபைட், இப்படிச் செய்தால் சில ஆயிரம் பதிவுகளுக்கான சில நூறு கிலோபைட்டாகச் சுருங்கிவிடுகிறது. அந்த நிலையில் நான் பைட்டுகளை வற்புறுத்துவது இடத்துக்காக அல்ல, பெரிய எழுத்துச் சிக்கல் நுழையாமல் இருப்பதற்காகத்தான்.

மார்த்தாண்டம் மேசை:

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி விவாதம் மிச்சமாகியிருக்கும்! ஒப்புக்கொள்கிறேன். அந்த அமைப்பில் பைட்-ஏ எனக்கும் உறுத்தவில்லை.

ஒரு துணைக்கேள்வி. 32 பைட்டையும் முழுவதுமாக வைக்க வேண்டுமா? எச்மேக்கின் முதல் 16 பைட்டை மட்டும் எடுத்தால் 16 பைட் அடையாள எண்ணுக்கான போஸ்ட்கிரெஸின் யூயூஐடி வகையில் கச்சிதமாகப் பொருந்தும். இன்டெக்ஸ் உள்ளீடு 28 பைட்டாகக் குறையும், நீளத்துக்குத் தனி செக் தேவையில்லை, திரையிலும் சிறுகோடுகளுடன் படிக்கும்படி வரும். இடத்தை மிச்சப்படுத்த நினைக்கும் சிலர் 8 பைட்டை எடுத்து, முழு எண் வகையான பிக்இன்ட்டில் வைப்பதையும் பார்த்திருக்கிறேன்.

குளச்சல் கரை:

16 பைட் போதும். 128 பிட்டில் 100 கோடிப் பதிவுகள் இருந்தாலும் எங்காவது இரண்டு மோதுவதற்கான வாய்ப்பு கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவு நுண்ணியது. யூயூஐடி வகை பதிப்புக்கான பிட்டுகளைச் சரிபார்ப்பதில்லை என்பதால் போஸ்ட்கிரெஸ் அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் பின்னால் வருபவர் அதைச் சாதாரண யூயூஐடி என்று எண்ணாதபடி நெடுவரிசையின் பெயரில் ஹேஷ் என்று வரட்டும். மைஎஸ்கியூஎல்லில் யூயூஐடி என்று தனி வகை இல்லை, அங்கே பைனரி(16) வைக்க வேண்டும்.

8 பைட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். 64 பிட்டில் 10 கோடிப் பதிவுகளுக்கு மோதல் வாய்ப்பு ஏறத்தாழ 3,700-இல் ஒன்று. 100 கோடிக்கு 2.7 சதவீதம். உங்கள் சில ஆயிரம் விவசாயிகளுக்கு அது போதுமானதுதான், ஆனால் வேறு தொல்லைகள் வரும். போஸ்ட்கிரெஸின் பிக்இன்ட் எதிர்ம எண்களையும் கொண்டது என்பதால் பாதி ஹேஷ்கள் கழித்தல் குறியுடன் தெரியும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகை 2-இன் 53-ஆம் அடுக்குக்கு மேல் முழு எண்களைத் துல்லியமாக வைத்திருக்காது. உலாவிக்குச் சென்று திரும்பும்போது கடைசி இலக்கங்கள் மாறி, வேறொருவரின் பதிவைத் தேடும் நிலை வரும். 4 பைட் என்றால் பேச்சே வேண்டாம். 77,000 பேர் சேர்ந்தாலே மோதல் வாய்ப்பு சரிபாதி ஆகிவிடும். நிலையத்தில் தொலைபேசியில் படித்துக்காட்டுவதற்காக முதல் 8 ஹெக்ஸ் எழுத்துகளைக் காட்டுவீர்கள் என்றால் அதுவும் இந்த 4 பைட்தான்: 10,000 பேரில் எங்கோ ஒரு ஜோடி ஒன்றுபோல அமைய ஏறத்தாழ 1 சதவீத வாய்ப்பு உண்டு, ஆகவே அதைத் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், பணம் எழுதுவதற்கு வேண்டாம். எக்செல்லில் திறந்தால் இலக்கங்களுக்கு நடுவில் ஒரே ஓர் ‘ஈ’ வரும் குறுந்தொடரை அது அறிவியல் எண்ணாக மாற்றிக்காட்டும் என்பதையும் நிலையத்தாரிடம் சொல்லி வையுங்கள்.

நாகர்கோவில் நிரலர்:

விவசாயிகளுக்கு முழு எண் பிரைமரி கீயும் யுனிக் நிபந்தனையுடன் எச்மேக் நெடுவரிசையும் என்று அமைக்கத் தொடங்கிவிட்டோம். யூயூஐடி வகை இரண்டு தரவுத்தளங்களிலும் ஒன்றாக இல்லாததால் 32 பைட்டையே முழுவதுமாக வைத்துக்கொள்கிறோம். வண்டிகளுக்கும் அதே அமைப்பு.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும், ஐயா. எச்மேக்கின் சாவியை ஒருநாள் மாற்ற நேர்ந்தால் என்ன செய்வது? பணம் அனுப்ப வேண்டியிருப்பதால் விவசாயியின் கைபேசி எண் மறையாக்கம் செய்யப்பட்டு மையத்தில் தனியே இருக்கிறது. வண்டி எண்ணை மட்டும் ஹேஷ் செய்தபின் நாங்கள் எங்கும் வைத்திருப்பதில்லை.

குளச்சல் கரை:

ஹேஷுக்குப் பக்கத்தில் சாவியின் பதிப்பைக் குறிக்கும் ஸ்மால்இன்ட் (சிறு முழு எண்) நெடுவரிசை ஒன்றை இப்போதே சேர்த்து, யுனிக் நிபந்தனையைப் பதிப்பும் ஹேஷும் சேர்ந்த இணையின் மீது வையுங்கள்.

விவசாயிகளுக்கு வேலை எளிது. மூல எண் கையில் இருப்பதால் புதிய சாவியில் மீண்டும் கணக்கிட்டு எழுதினால் போதும். சில ஆயிரம் பதிவுகள் என்பதால் சில நொடிகளில் முடியும். எடைப் பதிவுகள் முழு எண்ணை மட்டுமே சுட்டுவதால் அந்த ஒரு கோடியில் ஒன்றைக்கூடத் தொட வேண்டியதில்லை. ஹேஷ் பிரைமரி கீயாக இருந்திருந்தால் அத்தனையையும் மாற்றி எழுத வேண்டியிருந்திருக்கும்.

வண்டிகளுக்கு மூல எண் இல்லை, ஆகவே பழைய ஹேஷையே உள்ளீடாகக் கொண்டு புதிய சாவியில் இன்னொரு எச்மேக் கணக்கிட்டு அதை அந்த இடத்தில் எழுதுங்கள். வெளியீடு அதே 32 பைட் என்பதால் நெடுவரிசையை மாற்றத் தேவையில்லை. அதன்பின் வண்டி எண்ணைத் தேடும்போது நிரல் முதலில் பழைய சாவியிலும், கிடைக்கும் விடையைப் புதிய சாவியிலும் வரிசையாகக் கணக்கிட வேண்டும். எத்தனை முறை சாவியை மாற்றினாலும் சங்கிலி நீளுமே தவிர அறுபடாது. ஆனால் பழைய சாவிகளில் எதையும் தொலைத்துவிடக் கூடாது. தொலைந்தால் இருக்கும் வண்டிகளை எண்ணைக் கொண்டு தேடவே முடியாது.

வெளியே கொடுத்த நகல்களுக்கு இந்த ஏற்பாடு எதுவும் உதவாது. பெறுபவருக்குத் தனிச் சாவி என்று நான் சொன்னது அதற்கும் சேர்த்துத்தான்: கசிந்தது எந்தச் சாவியோ, அந்த நகலைப் பெற்றவரிடம் மட்டும் பழையதை அழிக்கச் சொல்லிவிட்டு, புதிய சாவியில் கணக்கிட்ட நகலைக் கொடுத்தால் போதும்.